திரைக்குள் வந்த மீன்: மிசிசிப்பியின் நான்கு ஏரிகளில் கிராப்பிக்கு என்ன நடக்கிறது?

ஜனவரி மாதக் காலை. அமெரிக்காவில், வடக்கு மிசிசிப்பியில் கிரெனடா ஏரி. தண்ணீர் பால் குறைந்த டீ நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது. ஒரு முழம் ஆழத்துக்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியாது. படகின் முனையில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் 14 அடி நீளக் கோல், ஒன்றே ஒன்று. அவர் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. முழங்காலுக்கு எதிரே பொருத்தியிருக்கும் திரையைத்தான் பார்க்கிறார்.

திரையில் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் நாலைந்து வந்துபோகின்றன. கண்டுகொள்ளவில்லை. பிறகு கொஞ்சம் தடித்த பொட்டு ஒன்று தனியாக வருகிறது. படகுக்கு முன்னால் 20 அடி, ஆழம் 9 அடி. காலால் மோட்டாரை லேசாகத் தட்டிப் படகைத் திருப்பி, கோலை நீட்டி, தூண்டிலை அந்தப் பொட்டின் தலைக்கு மேலே இறக்குகிறார். தூண்டிலும் திரையில் புள்ளியாக இறங்குவது தெரிகிறது. தடித்த பொட்டு அசைகிறது, மெதுவாக மேலே எழும்புகிறது, இரண்டும் ஒன்றாகின்றன. கோல் வளைகிறது. வந்தது ஒன்றேகால் கிலோ கிராப்பி.

இதே மனிதர் பத்து வருடத்துக்கு முன்னாலும் இதே ஏரியில் மீன் பிடித்திருப்பார். ஆனால் வேண்டாத மீனை ஒதுக்கிவிட்டு, வேண்டிய ஒரே மீனைத் துரத்திப்போய்ப் பிடிக்க அன்று அவரிடம் வழி இல்லை. இந்த வித்தியாசம் ஏரியை என்ன செய்கிறது என்பதுதான் இந்த ஆய்வு.

மீனும் ஏரியும்

கிராப்பி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். வெள்ளை, கறுப்பு என இரண்டு இனம். தட்டையாக, அகன்ற உடலோடு இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் நம்மூர் ஜிலேபிக் கெண்டை ஞாபகம் வரும், ஆனால் உறவில்லை. வாய்ச் சவ்வு அவ்வளவு மெல்லியது. வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் காகித வாயன் என்று ஒரு பட்டப்பெயர். லூசியானாக்காரர்கள் பிரெஞ்சு வாடையோடு சாக்-அ-லே என்பார்கள். சோளமாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பதற்கு இதைவிட நல்ல மீன் இல்லை என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களில் பொதுக்கருத்து. இது வலைபோட்டு விற்கும் மீன் இல்லை. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் மீன். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் என்ற இன்னொரு நன்னீர் மீனைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் திரும்ப விட்டுவிடுவார்கள். கிராப்பி பிடிப்பவர்கள் ஐஸ்பெட்டியில் போடுவார்கள்.

ஏரிகள் நான்கு: சார்டிஸ், அர்காபட்லா, ஈனிட், கிரெனடா. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளத்தைத் தேக்கி வைப்பதற்காக ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைகள். சார்டிஸ் 1940, அர்காபட்லா 1943, ஈனிட் 1952, கிரெனடா 1954. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தண்ணீரைத் திறந்துவிட்டு ஏரியைச் சுருக்குவார்கள். குளிர்கால, வசந்தகால மழையில் அது மறுபடி நிரம்பிக் கரையோரப் புதர்களை மூழ்கடிக்கும். மீனுக்காக யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. ஆனாலும் கிராப்பிக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. மூழ்கிய புதரில் முட்டையிடும், அங்கேயே குஞ்சுகள் ஒளியும், ஷாட் என்ற சிறு மீன் கொழுத்த தீனியாகும். உலகிலேயே பெரிய வெள்ளைக் கிராப்பி 1957இல் ஈனிட்டில்தான் பிடிபட்டது: 5 பவுண்டு 3 அவுன்ஸ், சுமார் 2.35 கிலோ. அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை.

பெரிய மீன் இருக்கிறது என்று பேர் எடுத்த ஏரிக்குக் கூட்டம் வராமல் இருக்குமா? பல மாநிலங்களிலிருந்து படகை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வழிகாட்டிகள், விடுதிகள், போட்டிகள் என்று ஒரு சிறு பொருளாதாரமே இதைச் சுற்றி இயங்குகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது சோனார், ஒலியை அனுப்பி நீருக்கடியில் பார்க்கும் கருவி. இந்தப் புதுவகைச் சோனாருக்கு முன்னாலேயே இங்கே ஒரு சண்டை நடந்தது. படகின் முனையில் சிலந்திக் கால் மாதிரி எட்டுப் பத்துக் கோல்களை விரித்து மெதுவாக ஓட்டிக்கொண்டே பிடிக்கும் முறை பரவியபோது, அது நியாயமா என்று வாக்குவாதம் வந்து, ஆளுக்கு இத்தனை கோல்தான் என்று விதியும் வந்தது. இன்றைக்கு ஒற்றைக் கோல்காரரைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது.

கருவி மாற்றியது எதை?

படகுக்குச் சோனார் புதிதல்ல. 1950களின் கடைசியில் லோரன்ஸ் நிறுவனம் விற்ற சிறிய பச்சைப் பெட்டியிலிருந்தே அது தூண்டில்காரர்களிடம் இருக்கிறது. ஆனால் பழைய சோனார் படகுக்கு நேர் கீழே பார்க்கும். திரையில் ஓடும் படம் நடந்து முடிந்த கதை. மீன் இருந்தது, நீங்கள் அதன் மேலேயே போய்விட்டீர்கள், இப்போது அது எங்கேயோ. அதை வைத்துக்கொண்டு மூழ்கிய மரத்தையோ கிளைக் குவியலையோ கண்டுபிடிக்கலாம். அப்புறம் அங்கே மீன் இருக்கும் என்ற நம்பிக்கையில் தூண்டில் போட வேண்டியதுதான்.

2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தது. 2020இல் லோரன்ஸின் ஆக்டிவ் டார்கெட், 2021இல் ஹம்மின்பேர்டின் மெகா லைவ். மூன்றும் முன்னால் பார்க்கும் சோனார். மோட்டார்த் தண்டில் மாட்டிய டிரான்ஸ்டியூசர், விசிறி விரித்தாற்போல் ஒலியை முன்னால் அனுப்பி, திரும்பிவருவதை நொடிக்குப் பல தடவை படமாக்குகிறது. மீன் வாலை அசைப்பதுகூடத் தெரியும். டிரான்ஸ்டியூசரும் அதற்கான பெட்டியும் மட்டுமே சுமார் 1,500 டாலருக்கு விற்பனைக்கு வந்தன. திரை, லித்தியம் பேட்டரி, தாங்கி எல்லாம் சேர்த்தால் இன்னும் சில ஆயிரம். அந்தச் செலவை யோசிக்காமல் செய்கிறவர்கள் ஏராளம்.

"நிறைய மீன் பிடிபடுகிறது, அதனால் மீன் குறைகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கான்சஸ் மாநிலத்தில் மீன்வள உயிரியலாளர்கள் சாதாரண வாரக்கடைசித் தூண்டில்காரர்களிடம் இந்தக் கருவியைக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பலர் அஞ்சிய அளவுக்குப் பிடிப்பு எகிறவில்லை. காரணம் எளிது. மீனைப் பார்ப்பது வேறு, கடிக்க வைப்பது வேறு. புதிதாக வாங்கியவர் பாதி நாள் திரையில் எது தன் தூண்டில், எது மரக்கிளை என்று குழம்பியே கழிப்பார். கருவி கைத்திறனை உண்டாக்காது. இருக்கிற கைத்திறனைப் பெருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் ஏரியிலேயே கிடக்கும் வழிகாட்டிக்கும், வருடத்துக்கு நாலு தடவை வருபவருக்கும் நடுவே இருந்த இடைவெளி அதனால் அகன்றிருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இதைவிடப் பெரிய மாற்றம் இடத்தில் நடந்தது. வசந்தத்தில் முட்டையிட ஆழமில்லாத கரைக்கு வரும்போது கிராப்பி எப்போதுமே எளிதாகச் சிக்கும். மற்ற மாதங்களில், குறிப்பாகக் கடும் கோடையிலும் குளிரிலும், பெரிய மீன்களில் நிறைய எந்த மரத்தையும் ஒட்டாமல், நடு ஏரியில், பாதி ஆழத்தில் மிதந்து திரியும். அங்கே தூண்டில் போடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை. அதனால் யாரும் போடவில்லை. எந்த அரசாணையும் இல்லாமல், எந்தப் பலகையும் நடாமல், நடு ஏரி ஒரு சரணாலயமாக இருந்தது. மீனைக் காப்பாற்றியதில் மனிதன் போட்ட விதிகளுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு மனிதனின் குருட்டுத்தனத்துக்கும் இருந்தது என்பேன். கருவி அந்தக் குருட்டுத்தனத்தைப் போக்கிவிட்டது. ஜனவரிக் காலையில் நாம் பார்த்த தடித்த பொட்டு, அந்தச் சரணாலயத்துவாசி.

ஒரு தாள், ஒரு பேனா

இதனால் ஏரியில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்குத்தான்; ஆனால் கிராப்பியின் வாழ்க்கையைத் தழுவியது. கிராப்பி சீக்கிரம் வளரும், சீக்கிரம் சாகும். தூண்டிலே இல்லாத ஏரியிலும் நோய், வெப்பம், பெரிய மீன், பறவை என்று வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும்.

இரண்டு வயதில் 1,000 மீன் என்று வைத்துக்கொள்வோம். இயற்கைச் சாவு வருடத்துக்கு 40 சதவீதம். தூண்டில் இல்லையென்றால் மூன்று வயதில் 600, நான்கில் 360, ஐந்தில் 216. இப்போது இயற்கையில் தப்பியவற்றில் வருடத்துக்கு 30 சதவீதம் தூண்டிலுக்குப் போகிறது என்று வையுங்கள்: 420, 176, 74. அதுவே 50 சதவீதமானால்: 300, 90, 27.

மூன்று வயதில் 420 என்பதற்கும் 300 என்பதற்கும் உள்ள வித்தியாசம் படகில் இருப்பவருக்கு உறைக்காது. ஐந்து வயதில் 74 எங்கே, 27 எங்கே! மொத்த எண்ணிக்கை பெரிதாக அசையாமலேயே கிழட்டு மீன், அதாவது பெரிய மீன், காணாமல் போய்விடும். இந்தக் கணக்கில் எல்லா வயது மீனும் ஒரே அளவு ஆபத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டேன். நிஜத்தில் திரைக்காரர் பெரியதைப் பொறுக்கி எடுக்கிறார். கடைசி எண் இன்னும் வேகமாகத் தேயும்.

இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பெரிய மீன் குறைந்தால் இனமே அழியும் என்பது கிராப்பிக்குப் பொருந்தாது. பெரிய பெட்டை ஒன்றே லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். ஒரு வருடம் குஞ்சு பொங்குவதும் அடுத்த வருடம் ஒன்றுமே தேறாமல் போவதும் பெரும்பாலும் வசந்தத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்தது. ஒரு வருடம் ஏரி நிறையக் கிராப்பி, அடுத்து இரண்டு வருடம் வறட்சி என்பது திரை வருவதற்கு முன்னாலும் இருந்த கதை. மிசூரியிலும் ஜார்ஜியாவிலும் 1980களில் மீனுக்கு அடையாளப் பட்டை கட்டி ஆராய்ந்தபோதே, சில நீர்த்தேக்கங்களில் பிடிக்கத்தக்க கிராப்பியில் ஏறக்குறைய பாதியைத் தூண்டில்காரர்கள் ஒரே வருடத்தில் எடுத்துப்போனது தெரிந்தது. அன்று முன்னால் பார்க்கும் சோனார் யார் கையிலும் இல்லை. எனவே இன்று பிடிப்பு குறைந்தால் பழியைத் தூக்கி ஒரே பெட்டியின் தலையில் வைப்பது சரியாகாது.

நான்கு ஏரிகளில் ஒன்றான அர்காபட்லாவையே பாருங்கள். 2023 மே மாதம் அதன் அணை உடையும் அபாயம் இருப்பதாகப் பொறியாளர் படை அறிவித்து, நீர்மட்டத்தை வேகமாக இறக்கியது. ஏரி சுருங்கினால் மீனும் நெருங்கும், முட்டையிடும் புதர்கள் தண்ணீருக்கு வெளியே நிற்கும். அந்த ஏரியில் அடுத்த சில வருடங்களில் கிராப்பிக்கு என்ன ஆனாலும், அதில் சோனாரின் பங்கு இவ்வளவு, தண்ணீரின் பங்கு இவ்வளவு என்று பிரித்தெடுப்பது யாருக்கும் சுலபமில்லை. போதாததற்கு 2020இல் கோவிட் காலத்தில் அமெரிக்கா முழுக்கத் தூண்டில் உரிமம் வாங்கியவர்கள் எண்ணிக்கை ஏறியது. கருவி பரவியதும் கூட்டம் பெருகியதும் ஒரே நேரத்தில்.

பொய் சொல்லும் பிடிப்பு

எனக்கு உண்மையில் கவலை தருவது இன்னொன்று. ஏரியில் மீன் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய வழக்கமான வழிகளில் ஒன்று, கரைக்குத் திரும்பும் படகுகளை நிறுத்தி, எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை கிடைத்தது என்று கேட்பது. மணிக்கு இவ்வளவு என்று வரும் எண் கீழே போனால் மீன் குறைகிறது என்று அர்த்தம். தேடுகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும்வரை இந்த முறை ஒழுங்காக வேலை செய்யும்.

ஏரியில் 100 கிளைக் குவியல் இருக்கிறது, முன்பு அறுபதில் மீன் இருந்தது, இப்போது இருபதில்தான் என்று வையுங்கள். பழைய ஆள் பத்துக் குவியலில் தூண்டில் போட்டால் முன்பு ஆறில் கிடைத்திருக்கும், இப்போது இரண்டில். வீட்டுக்குப் போய், "ஏரி செத்துப்போச்சு" என்பார். திரை வைத்திருப்பவர் ஒவ்வொரு குவியலையும் தூரத்திலிருந்தே அரை நிமிடம் பார்த்துவிட்டு, வெறுமையாக இருந்தால் அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார். மீன் இருக்கும் இடத்தில் மட்டுமே கோலை நீட்டுவார். மீன் மூன்றில் ஒரு பங்காகிவிட்ட பிறகும் அவருடைய மணிக்கணக்குப் பிடிப்பு பழையபடியேதான் இருக்கும். மீன்வளத் துறை ஏட்டில் எல்லாம் நலம் என்றே பதிவாகும்.

இது நடந்து, ஒரு நாடே அடிவாங்கிய கதை இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அழிந்துகொண்டிருந்தபோது, கருவிகள் நிறைந்த இழுவைக் கப்பல்கள் எஞ்சிய கூட்டங்களைத் தேடித்தேடிப் பிடித்ததால், கப்பல் கணக்கில் பிடிப்பு நன்றாகவே தெரிந்தது. 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. ஏரிக் கிராப்பியும் கடலின் காட் மீனும் ஒன்றல்ல, கிராப்பி பல மடங்கு வேகமாக மீளும். ஆனால் கணக்கு ஏமாற்றும் விதம் அச்சு அசல் அதுவே.

ஆகவே இந்த ஏரிகளில் பிடிப்புக் கணக்கை மட்டும் நம்பிப் பயனில்லை. மீனுக்குப் பட்டை கட்டி எத்தனை திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். பொறிவலையில் விழும் மீனின் செவிக்கல்லை எடுத்து, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணி, ஐந்து வயதுக்கு மேல் எத்தனை என்று பார்க்க வேண்டும். மரத்துக்கு ஆண்டு வளையம் போல மீனின் காதுக்குள் இருக்கும் அந்தக் கடுகளவுக் கல்லிலும் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். திரைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அந்தக் கல்லுக்குத் தெரியாது. மேலே போட்ட கணக்கில் 74 எது, 27 எது என்று சொல்லப்போவது அதுதான்.

விதிகள்

மாநிலங்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் எண்ணிக்கையும் அளவும். மிசிசிப்பியில் கிராப்பிக்குப் பொது வரம்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30. இந்த நான்கு ஏரிகளில் அதைவிட மிகக் குறைவு. 12 அங்குலத்துக்குக் குட்டையான மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். பக்கத்து லூசியானாவின் பொது வரம்பு 50. ஓக்லஹோமாவில் நெடுங்காலம் 37 என்று ஒரு விசித்திரமான எண் இருந்தது. கேட்க பயங்கரமாக இருந்தாலும், சாதாரணத் தூண்டில்காரருக்கு 30 கிடைப்பதே அபூர்வம். கிடைக்காத எண்ணை 20 ஆக்கினால் மீனுக்கு ஒன்றும் மிச்சமாகாது. ஆனால் திரையோடு தினமும் வருகிற கைதேர்ந்தவர் வரம்பைத் தொடுகிறார். அவரைப் பொறுத்தவரை வரம்பு முதல் தடவையாக உண்மையான வரம்பாகிறது.

பெரிய மீனைப் பொறுக்குவதுதான் பிரச்சினை என்றால் விதியும் பெரிய மீனைத்தான் தொட வேண்டும். லூசியானாவின் டார்போன் ஏரியில் அதைச் செய்தார்கள்: நாளைக்கு 25, அதில் 12 அங்குலத்துக்கு மேல் 7க்கு மிகக் கூடாது. நான் பார்த்தவற்றில் நோயை நேராகத் தொடும் விதி இது என்பேன்.

"சின்னதை விட்டுவிடு" என்ற விதிக்குள் ஒரு பொறி இருக்கிறது. கிராப்பியின் காற்றுப்பைக்கு வெளிவாசல் கிடையாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் அழுத்தம் குறைந்து பை ஊதிவிடும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்க்கு வரும். விட்டாலும் கவிழ்ந்து மிதக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சாகும். டெக்சாஸின் ஃபோர்க் ஏரியில் இதற்கு ஒரு தலைகீழ் விதி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை அளவுக் கட்டுப்பாடே இல்லை. பிடித்த கிராப்பியை எல்லாம் வைத்துக்கொண்டே ஆக வேண்டும், 25 ஆனதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். விட்டாலும் சாகப்போகிற மீனை விடுவது வீண் என்ற கணக்கு. திரை வந்தபின் இந்த விதிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ஆழத்தில் கிடப்பதைத் துரத்தி, பத்தைப் பிடித்து ஒன்பதை விடுகிற பழக்கம் இப்போதுதான் பெருகுகிறது. மிசிசிப்பி ஏரிகள் ஆழம் குறைந்தவை, அதனால் அங்கே இந்த ஆபத்து அவ்வளவு இல்லை.

கருவியையே தடை செய்தால் என்ன என்ற பேச்சும் உண்டு. பாஸ் போட்டிகளை நடத்துபவர்கள் ஏற்கெனவே அந்தப் பாதையில் போய்விட்டார்கள். 2025இல் நேஷனல் புரொஃபெஷனல் ஃபிஷிங் லீக் முன்னால் பார்க்கும் சோனாரை முழுதாகத் தடுத்தது. மேஜர் லீக் ஃபிஷிங் தன் உயர்மட்டப் போட்டியில் நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. அங்கே கேள்வி ஆட்டம் நியாயமா என்பது. மீன் குறைகிறதா என்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் படகுத்துறைகளில் இத்தனை சண்டை. கடையில் சட்டப்படி விற்கும் பொருளை, ஆயிரக்கணக்கில் டாலர் போட்டு வாங்கியவரிடமிருந்து பிடுங்குவதைவிட, அவர் ஐஸ்பெட்டிக்குள் எத்தனை பெரிய மீன் போகலாம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. எந்தக் காவலராலும் பெட்டியைத் திறந்து எண்ண முடியும். நடு ஏரியில் யார் திரையில் என்ன ஓடுகிறது என்று எட்டிப்பார்ப்பது நடக்கிற காரியமா?

கடைசியாகத் தூண்டில்காரர்கள் நடுவே சுற்றும் ஒரு பேச்சு. மீன் திரைக்குப் பழகிவிட்டதாம். ஒலி தன்மேல் விழுந்ததும் திரும்பி விலகிப் போகிறதாம். கிராப்பி போன்ற மீன்களின் காது மிஞ்சிப்போனால் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். இந்தக் கருவிகள் ஐந்து லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிப்பவை. அதை மீன் கேட்க வழியில்லை. மோட்டார் விசிறியின் இரைச்சலையும், தலைக்கு மேல் நகரும் படகின் நிழலையும், நேற்றும் முந்தாநாளும் இதே மாதிரி இறங்கிய தூண்டிலையும் உணர்ந்திருக்கலாம். விலகும் மீன் விலகுவது என்னவோ உண்மை, திரையிலேயே தெரிகிறது. தடித்த பொட்டு ஒன்று தூண்டில்வரை வந்து, நின்று, திரும்பிக் கீழே போகிறது. படகின் முனையில் இருப்பவர் காலை மோட்டாரிலிருந்து எடுத்துவிட்டு, அது திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.